இருளில் மூன்று இரவுகள்: நோயாளி உள்ள இல்லத்திற்கு ஏற்ற கைவிளக்கு எது?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பெய்த மழையை இப்பகுதியில் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். அணைகளிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் காட்டாறுகளின் நீரும் சேர்ந்து பெருகி, திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதி முதல் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வரை ஊர்களுக்குள் புகுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுத் தொடர்வண்டி ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன.

வெள்ளம் வடிந்த பின்னர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தவர்களின் துன்பங்கள் இரு வகையாக இருந்தன. நீரால் நேர்ந்தவை ஒரு வகை. இருளால் நேர்ந்தவை மற்றொரு வகை. கழிப்பறைக்குச் செல்ல எழுந்து நிலைப்படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள், மெழுகுவத்தி சாய்ந்து தீப்புண் அடைந்தவர்கள், ஊசிக்குழலின் அளவுக்கோடு தெரியாததால் இன்சுலின் போடுவதையே நிறுத்திவிட்டவர்கள் ஆகியோர் இரண்டாம் வகையினர். இவர்களுள் பலருடைய வீட்டில் டார்ச் விளக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. அது முதல் இரவிலேயே அணைந்துபோயிற்று, அல்லது அலமாரியிலிருந்து எடுத்தபோதே எரியவில்லை.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரத்தான் போகிறது. ஆகவே மருந்து, மாத்திரைகளைப் பற்றிப் பேசும் இப்பக்கத்தில் இம்முறை விளக்கைப் பற்றிப் பேசுகிறோம். கடைகளில் நூறு வகை எல்.இ.டி. விளக்குகள் உள்ளன. அவற்றுள் நோயாளி உள்ள வீட்டிற்கு ஏற்றது எது என்பதைத் தெரிந்துகொள்ளச் சிறிது கணக்கும் சிறிது மருத்துவமும் போதும்.

முதலில் இருளை அளப்போம்

டிசம்பரில் நம் ஊரில் மாலை ஆறு மணியளவில் கதிரவன் மறைந்து, காலை ஆறரை மணியளவில் எழுகிறது. ஓர் இரவு என்பது 12 மணி நேரத்திற்குச் சற்று அதிகம். மூன்று இரவுகள் மின்சாரம் இல்லையெனில் 36 மணி நேர இருள். எங்கள் கணக்கு இந்த 36 மணி நேரத்தை வைத்தே தொடங்குகிறது. கடைக்காரர் சொல்லும் "இரண்டு பர்லாங் தூரம் அடிக்கும்" என்ற கணக்குக்கு இங்கே இடமில்லை.

விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லூமன் என்ற அலகால் அளக்கிறார்கள். பழைய குமிழ் பல்பு போட்ட இரண்டு கட்டை டார்ச், ஒரு வாட் மின்திறனுக்குப் பத்து லூமன் அளவே ஒளி தந்தது. இன்றைய நல்ல எல்.இ.டி. அதே ஒரு வாட்டுக்கு நூறு லூமன் தருகிறது. பத்து மடங்கு ஆதாயம். ஆனால் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் இந்த ஆதாயத்தை நேரமாக நமக்குத் தருவதில்லை. கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சமாகத் தந்துவிடுகிறார்கள். ஐந்நூறு, ஆயிரம் லூமன் என விளக்கு எரியும்போது மின்கலம் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

நோயாளியின் வீட்டிற்கு எவ்வளவு ஒளி வேண்டும்? படுக்கையறையில் இரவு முழுவதும் எரியும் விளக்குக்குப் பத்து லூமன் போதுமானது. இது முன்பு நம் வீடுகளில் திரியைத் தாழ்த்தி வைத்த அரிக்கேன் விளக்கின் ஒளியை ஒத்தது. மின்சுற்றில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துச் சுமார் 0.15 வாட் செலவாகும். 36 மணி நேரத்திற்கு 5.4 வாட்-மணி. சுவர்க் கடிகாரத்திற்குப் போடும் ஏஏ அளவு அல்கலைன் கட்டை ஒன்றில் ஏறத்தாழ மூன்று வாட்-மணி ஆற்றல் இருக்கும். ஆக, இரண்டு கட்டைகளில் மூன்று இரவுகளை ஓட்டிவிடலாம்!

மருந்து எடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுக் கட்டுவது போன்ற வேலைகளுக்கு நூறு லூமன் வேண்டும். இரவுக்கு இரண்டு மணி நேரம் என வைத்துக்கொண்டால் மூன்று இரவுகளுக்கு ஆறு மணி நேரம். சுமார் ஏழு வாட்-மணி. மறுமின்னேற்றம் செய்யத்தக்க லித்தியம் மின்கலம் ஒன்றே இதற்குப் போதும். இரண்டையும் கூட்டினால் 12 வாட்-மணிக்குச் சற்று அதிகம். இதற்கு மாறாக நூறு லூமன் விளக்கையே மூன்று இரவும் அணைக்காமல் எரித்தால் 36 வாட்-மணிக்குமேல் வேண்டும். ஒரே விளக்கை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் வீட்டில்தான் முதல் இரவே இருள் வந்துவிடுகிறது.

கைப்பேசியிலும் விளக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் மின்கலத்தில் ஏறத்தாழ 19 வாட்-மணி இருப்பதும் உண்மையே. ஆனால் வெள்ளத்தின்போது 108 ஆம்புலன்சையும், 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணையும் அழைக்க அதுவே உங்களிடம் உள்ள ஒரே வழி. கோபுரச் சைகை கிடைக்காத இடத்தில் அது சைகையைத் தேடித் தேடியே மின்னாற்றலை வேகமாக இழக்கும். அதை விளக்காக்கித் தீர்த்துவிடாதீர்கள்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பவை

"50 மணி நேரம் எரியும்" என்று பெட்டியில் கண்டால், எந்த ஒளியில் 50 மணி நேரம் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2009இல் வகுக்கப்பட்டு, பல நாட்டு நிறுவனங்கள் பின்பற்றும் கைவிளக்குத் தர அளவை ஒன்று உண்டு. அதன்படி, விளக்கை ஏற்றிய 30 விநாடிக்குப்பின் இருந்த ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள காலமே எரியும் காலம். நூறு லூமனில் தொடங்கிய விளக்கு பத்து லூமனுக்கு மங்கும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று பொருள். அந்த 50 மணி நேரத்தில் கடைசி நாற்பது மணி நேரம் ஊசிக்குழலைப் படிக்கப் பயன்படாத மங்கலாகவும் இருக்கலாம். இதில் ஏமாற்று இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஏமாற்று வேறொரு இடத்தில் இருக்கிறது. 18650 எனப்படும் விரலளவு லித்தியம் மின்கலங்களின்மேல் "9900 மில்லி ஆம்பியர்-மணி" என்று அச்சிட்டு விற்கிறார்கள். அந்த அளவுள்ள உருளைக்குள் இன்றைய நுட்பத்தால் அடைக்கக்கூடியது 3500 முதல் 4000 வரையே. 9900 என்று எழுதியிருந்தால் அதனுள் ஆயிரம்கூட இல்லாமல் இருக்கலாம். எழுதப்பட்டுள்ள எண் மிகப் பெரிதாக இருப்பதையே வாங்காமலிருப்பதற்குக் காரணமாகக் கொள்ளலாம்.

எந்தக் கட்டை?

நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மலிவான கட்டைகள் துத்தநாக-கரி வகையைச் சேர்ந்தவை. அதே அளவுள்ள அல்கலைன் கட்டையில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் இவற்றில் இருக்கும். எனினும், சாலை துண்டிக்கப்பட்ட சிற்றூரிலும் ஒரு கடையில் இவை இருக்கும் என்பதை நாங்கள் குறைத்து மதிப்பிடுவதில்லை. கல்லிடைக்குறிச்சியிலோ சேரன்மகாதேவியிலோ தெருமுனையில் கிடைக்கும் கட்டை, இணையத்தில் வரவழைக்கும் கட்டையைவிட அந்த நேரத்தில் மேலானது.

அல்கலைன் கட்டைகள் உறை பிரிக்காமல் வைத்தால் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆற்றலைக் காத்துநிற்கும். அவற்றின் குறை கசிவு. விளக்கினுள்ளேயே மாதக்கணக்கில் கிடந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கசிந்து உள்ளே உள்ள தகட்டை அரித்துவிடும். எடுத்தபோதே எரியாத விளக்குகளுள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். அடுப்புக்கு அருகிலும் குளிர்பெட்டியின் தலைமேலும் வைக்காமல், கட்டைகளைத் தனியே ஓர் உறையிலிட்டு விளக்கோடு கட்டி வையுங்கள். பழைய கட்டையையும் புதிய கட்டையையும் ஒன்றாகப் போடக் கூடாது. பலவீனமானது விரைவில் வற்றிக் கசியத் தொடங்கும். கசிந்த நீர்மம் கையில் பட்டால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது நீரால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

லித்தியம் மின்கலம் உள்ள விளக்குகளே இன்று மிகுதியாக விற்கின்றன. ஒரு 18650 மின்கலத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வாட்-மணி வரை இருக்கும். மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் அதிகம் குறையாது. கைப்பேசிக்குரிய கம்பியாலேயே மின்னேற்றலாம். பவர் பேங்க், கார் ஆகியவற்றிலிருந்தும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே குறை, இவற்றுள் பல முன்னறிவிப்பின்றிச் சட்டென்று அணைந்துவிடும். அல்கலைன் விளக்கு மெல்ல மங்கி, "நான் போகப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகும். இது சொல்லாமல் போகும். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது இது நேரக் கூடாது. எனவே இரண்டாவது விளக்கு ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருக்கும் 'எமர்ஜென்சி லைட்' மீது எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவற்றுள் பழைய வகைகள் பெரும்பாலும் ஈய-அமில மின்கலம் கொண்டவை. அவ்வகை மின்கலம் வெறுமையாகக் கிடந்தால் உள்ளிருக்கும் தகடுகளில் உப்புப் படிந்து, பின்னர் மின்னேற்றத்தை ஏற்காது. நம் ஊர் வெயிலில் தானாக இழக்கும் ஆற்றலும் அதிகம். மாதம் ஒருமுறை முழுமையாக மின்னேற்றி, அரைமணி நேரம் எரியவிட்டுப் பார்ப்பவர்கள் வீட்டில் அது நன்றாகவே உழைக்கும். மற்றவர்கள் வீட்டில் அது சுவரில் தொங்கும் அலங்காரப் பொருள்.

ஊசிக்குழலின் மூடி என்ன நிறம்?

எங்கள் துறையினருக்கு இக்கட்டுரையின் முதன்மையான பகுதி இதுவே. நீரிழிவு நோயாளியின் வீட்டில் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

நம் நாட்டில் இன்சுலின் இருவேறு செறிவுகளில் கிடைக்கிறது. ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு உள்ளது ஒன்று. 100 அலகு உள்ளது மற்றொன்று. நாற்பதுக்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு. நூறுக்குரியதன் மூடி ஆரஞ்சு. நூறு அலகுச் செறிவுள்ள மருந்தைத் தவறுதலாகச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உடலுக்குள் செல்வது 20 அலகு அன்று, 50 அலகு. இரண்டரை மடங்கு. இரவில் சர்க்கரை தாழ்ந்து, வீட்டார் உறக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே நோயாளி நினைவிழக்கக்கூடும். மாற்றிச் செய்தால், அதாவது நாற்பது அலகு மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் 20 கோடுவரை இழுத்தால், எட்டு அலகே சென்றிருக்கும்.

பகலில் இத்தவறு நேர்வது அரிது. இருளில் ஏன் எளிதாக நேரும்? மங்கிய ஒளியில் நம் கண் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அதனோடு, மலிவான எல்.இ.டி. விளக்கின் வெண்ணொளி உண்மையில் நீல ஒளியிலிருந்து பிறப்பது. நீல எல்.இ.டி.யின் மேல் பூசப்பட்ட மஞ்சள் பொருள் ஒளியை வெண்மையாகக் காட்டுகிறது. அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியமைக்காகவே அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் மலிவான பூச்சில் சிவப்பு ஒளி குறைவு. அதன் கீழே சிவப்பும் ஆரஞ்சும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும்; வெளிறிய உதடு நீலம் பாய்ந்ததுபோலத் தோன்றும்; கட்டில் கசியும் குருதி பழுப்பு நீர்போலத் தோன்றும்.

ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நிற ஒப்புமைக் குறியீடு என்ற அளவு உண்டு. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருப்பார்கள். கதிரவன் ஒளிக்கு 100. வேலை விளக்குக்கு 90 அல்லது அதற்குமேல் உள்ளதைத் தேடுங்கள். அந்த எண்ணை அச்சிடாத விளக்கு எனில் கடையிலேயே உள்ளங்கையின்மேல் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். கை பிணத்தின் கைபோல் வெளுத்துத் தெரிந்தால் வேண்டா. சற்றே மஞ்சள் கலந்த இதமான வெண்மையில் கையின் செம்மை தெரிந்தால் வாங்கலாம்.

விளக்கு எவ்வளவு நல்லதாயினும், மழைக்காலம் தொடங்குமுன் வீட்டில் ஒரே செறிவுள்ள இன்சுலினும் அதற்குரிய ஒரே வகை ஊசிக்குழலும் மட்டும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கொண்டுவந்து எங்கள் செவிலியரிடம் ஒப்படைத்துவிடலாம். ஐயம் இருந்தால் நிறத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: மின்சாரம் போய்விட்டது, இன்சுலின் கெட்டுவிடும் என்று பனிக்கட்டி தேடி வெள்ளத்தில் இறங்க வேண்டா. பயன்பாட்டில் உள்ள குப்பி பெரும்பாலும் நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் இருக்கலாம். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், நீர் படாமல் வைத்தால் போதும்.

கண்ணாடித்துளி நீர்போல் தெளிந்திருக்கும் இன்சுலினையும் பால்போல் கலங்கியிருக்கும் இன்சுலினையும் இரண்டையும் போடுபவர்கள், குப்பிகளுள் ஒன்றின் கழுத்தில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிடுங்கள். விரல் அறிந்துகொள்ளும்.

நோய்க்கு ஏற்ற விளக்கு

வயிற்றறை வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தலையில் கட்டும் விளக்கே ஏற்றது. பை மாற்றும் அரைமணி நேரமும் இரண்டு கைகளும் தூய்மையாக இருக்க வேண்டும். விளக்கைப் பிடித்த கையால் குழாய் முனையைத் தொட்டால் வயிற்றறைக்குள் தொற்று நுழையும். வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்வோர் தலையில் கட்டுகிறார்களே, அதே விளக்குதான். பிறர் பிடித்துக் காட்டட்டும் என்று எண்ணினால், அவரும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

வீட்டில் ஆக்சிஜன் பெறுபவர்களிடம் எங்கள் வேண்டுகோள் கண்டிப்பானது. அந்த அறைக்குள் மெழுகுவத்தி, அகல், அரிக்கேன், சாம்பிராணி எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் படுக்கைத் துணியில் ஊறி நின்று, சிறு பொறியையும் பெருந்தீயாக்கும். அவர்களுக்கு எல்.இ.டி. விளக்கு வசதிப் பொருள் அன்று, கட்டாயம். ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியைப் பவர் பேங்க் இயக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். இயக்காது. ஐந்து லிட்டர் கருவிக்கு 300 வாட்டுக்கு மேல் வேண்டும். மாற்றாக உருளை ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். 'பி' வகை உருளையில் ஏறத்தாழ 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். அது ஓர் இரவு. மழை எச்சரிக்கை வந்ததும், நீர் சூழும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிடுவதே இவர்களுக்கு நல்லது.

முதியவர்களின் கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதுக்காரருக்கு அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அவருக்குக் கூடுதல் ஒளி வேண்டும் என்று தோன்றும். ஆனால் கண்புரை உள்ளவரின் முகத்திற்கு நேரே பலமான டார்ச்சை அடித்தால் அந்த ஒளி விழியாடியில் சிதறி, அவர் முன்னே ஒரு வெண்திரையை விரித்துவிடும். விளக்கை அணைத்தபின் கண் மீண்டும் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கட்டிலிலிருந்து எழுந்து விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஆகவே தாழ்ந்த, பரவலான, இரவு முழுவதும் அணையாத ஒளியே அவர்களுக்கு வேண்டும். சிறு டார்ச்சை எவர்சில்வர் டம்ளருக்குள் நிமிர்த்தி வைத்து மேற்கூரையை நோக்கி எரியவிட்டால் அறை முழுவதும் மென்மையான ஒளி பரவும். நீர் நிறைந்த வெண்ணிறப் பிளாஸ்டிக் குப்பியின் அடியில் வைத்தாலும் அப்படியே. மறதி நோய் உள்ள பெரியவர்கள் முழு இருளில் இடம் தெரியாமல் மிரண்டு, எழுந்து நடக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கு அந்தப் பத்து லூமன் ஒளி, மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய ஒன்று.

வலிப்பு நோயாளி உள்ள வீட்டினர், வேகமாக மினுக்கும் வசதி இல்லாத விளக்கையே வாங்குங்கள். ஒளியால் வலிப்புத் தூண்டப்படுபவர்கள் சிலர் உண்டு. பொத்தானை அழுத்த அழுத்த வேகம், மெதுவாக, மினுக்கல் என்று மாறும் விளக்குகள் பொதுவாகவே எங்களுக்கு உவப்பானவை அல்ல. பதற்றத்தில் பாட்டி தேடுவது ஒரே ஒரு பொத்தானை.

வாசலுக்கு வெளியே

வெளியே செல்ல மட்டும் தூரம் பாயும் ஒளி தேவை. வெள்ளத்தில் வளையை இழந்த பாம்புகள் வீட்டுத் திண்ணை, விறகுக் குவியல், செருப்பு ஆகியவற்றில் அடைகின்றன. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல்பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். காலை வைக்குமுன் ஒளியை வையுங்கள். செருப்பைத் தட்டிப் போடுங்கள். இயன்றால் கட்டிலில், கொசுவலைக்குள் உறங்குங்கள். கடித்துவிட்டால் கட்டாமல், கீறாமல், கடித்த உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

தேங்கிய நீரில் நின்றுகொண்டு மின்விசைப் பலகையைத் தொட வேண்டா. சமையல் எரிவாயு நெடி அடித்தால், டார்ச்சின் பொத்தானையும் அந்த இடத்தில் அழுத்தாமல், முதலில் சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

மாடியில் சிக்கி, நோயாளியை இறக்க முடியாமல் உதவி வேண்டுவோர் மூன்று குறுகிய, மூன்று நெடிய, மூன்று குறுகிய ஒளிகளைக் காட்டலாம். படகிலும் உலங்கூர்தியிலும் வருவோர் உலகெங்கும் அறிந்த அடையாளம் அது. உலங்கூர்தி அருகில் வந்தபின் ஓட்டுநரின் கண்ணை நோக்கி ஒளியை அடிக்கக் கூடாது.

விளக்கால் வரும் தீங்கு

சாவிக்கொத்தில் தொங்கும் சிறு டார்ச்சிலும் விளையாட்டு விளக்கிலும் பொத்தான் அளவு மின்கலம் இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி, உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அது திசுவை அரித்துத் துளைக்கத் தொடங்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உணவு கொடுக்காதீர்கள், நாணயம் விழுங்கியதுபோல் எண்ணி மறுநாள் மலத்தில் வரும் எனக் காத்திராதீர்கள். எச்சில் வடிதல், உண்ண மறுத்தல், இருமல் இவற்றுள் எதுவும் இல்லாவிட்டாலும், விழுங்கியிருக்கலாம் என்ற ஐயமே புறப்படப் போதுமான காரணம். பின்மூடியில் திருகாணி இல்லாத இவ்வகை விளக்கு, சிறு குழந்தை உள்ள வீட்டில் இருக்கவே கூடாது.

வெள்ளநீரில் மூழ்கிய லித்தியம் விளக்கை உலர்த்தி மின்னேற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளது. அது தீப்பற்றக்கூடும். உப்பிய மின்கலத்தையும் அவ்வாறே விலக்குங்கள். நல்ல மின்கலமாயினும் இரவில் தலைமாட்டில் வைத்து மின்னேற்ற வேண்டா.

மயங்கிக் கிடப்பவரின் கண்ணிமையைத் திறந்து ஆயிரம் லூமன் ஒளியைப் பாய்ச்சி "பார்வை இருக்கிறதா" என்று சோதிக்கும் வழக்கத்தையும் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்தச் சோதனைக்கு நாங்கள் பயன்படுத்துவது மிகச் சிறிய பென் டார்ச். வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை மூச்சும் சர்க்கரை அளவுமே.

வாங்குவது எது?

வீட்டிற்கு இரண்டு விளக்குகள், இருவேறு எரிபொருளில். படுக்கையறைக்கு, தாழ்ந்த ஒளியில் நெடுநேரம் எரியும் ஏஏ கட்டை விளக்கு ஒன்று. மருந்து வேலைக்கும் வெளியே செல்லவும், தூரமும் பரவலும் உள்ள லித்தியம் விளக்கு ஒன்று. ஊசி, டயாலிசிஸ், கட்டுக் கட்டுதல் உள்ள வீட்டில் இரண்டாவது, தலைவிளக்காக இருக்கட்டும். உறை பிரிக்காத அல்கலைன் கட்டைகள் நான்கு. இவ்வளவே. விலையுயர்ந்த எதுவும் இதில் இல்லை.

வாங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு இவற்றை ஏற்றுங்கள். இரவு பத்து மணிக்கு அந்த ஒளியில் ஊசிக்குழலின் கோட்டையும் மாத்திரை அட்டையின் பெயரையும் படித்துப் பாருங்கள். நோயாளியே படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் அன்றிரவு மகனோ மகளோ ஊரில் இல்லாமல் இருக்கலாம். காலை ஆறு மணிக்கு எது எரிந்துகொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லித்தியம் விளக்கை மூன்று மாதத்திற்கு ஒருமுறை மின்னேற்றுங்கள். கட்டைகளின் காலாவதி ஆண்டை மருந்துப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு அடுத்த முறை வரும்போது ஊசிக்குழலோடு விளக்கையும் எடுத்துவந்தால், சன்னல்களை மூடிவிட்டு அந்த ஒளியிலேயே உங்களை மருந்தை இழுத்துக் காட்டச் சொல்வோம்.